விடாக்கண்டனின் கடைசி வரி

மூன்றாம் ஜன்னலுக்கு முன்னால் வரிசை மெலிய ஆரம்பித்தபோது பெரியவள் முதலில் மழையைத்தான் சந்தேகப்பட்டாள். மழை விட்டது, வெயில் அடித்தது, ஆள் மட்டும் வரவில்லை. அப்புறம்தான் விஷயம் விளங்கியது. மழையை வைது பயனில்லை. வைய வேண்டியவள் வீட்டிலேயே இருந்தாள்.

அவள் இவளுடைய ஓரகத்தி. அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். கீழே பெரியவள் குடித்தனம், மாடியில் சின்னவள் குடித்தனம், சமையலறை மட்டும் பொது. காலைச் சமையல் இவளுடையது, ராத்திரிச் சமையல் அவளுடையது. இரண்டையும் சாப்பிட்டுவிட்டு எதைப் பற்றியும் வாயைத் திறக்காமலிருப்பது அண்ணன் தம்பி இரண்டு பேரும் கற்றுவைத்திருந்த வித்தை.

பெரியவளுக்கு நகரமைப்பு அலுவலகத்தில் வேலை. எந்த மனையில் வீடு கட்டலாம், எதில் கடை வைக்கலாம், எத்தனை மாடி எழுப்பலாம், பக்கத்து வீட்டுச் சுவருக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று சொல்கிற விதிப் புத்தகம் அங்கே ஒன்று உண்டு. தலையணை கனம். ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் பக்கத்தைத் திருப்பினாலும் முற்றுப்புள்ளி கண்ணில் படாது. 'மேற்படி', 'நீங்கலாக', 'உட்பட்டு' என்று வழி நெடுக முள். படித்தவனும் தலையைச் சொறிவான், படிக்காதவனும் சொறிவான். இரண்டு பேரும் கடைசியில் வந்து நிற்பது மூன்றாம் ஜன்னலில்தான். பெரியவள் வீணான காகிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் மனையை வரைவாள், தெருவை வரைவாள், குறுக்கே ஒரு கோடு இழுப்பாள், இந்தப் பக்கம் கடை, அந்தப் பக்கம் வீடு என்று முடித்துவிடுவாள். போகிறவர்கள் கும்பிடாத குறையாகப் போவார்கள். காய் வாங்கப் போன இடத்தில்கூட 'ஜன்னலம்மா' என்று நின்று வணக்கம் வைப்பவர்கள் இருந்தார்கள். சம்பளம் என்னவோ சுமார்தான். அவள் அந்த வணக்கத்தில்தான் வாழ்ந்துகொண்டிருந்தாள்.

சின்னவள் கணினிக் கம்பெனியில் இருப்பவள். விதிகளை ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு செயலியாகச் செய்து தரும்படி அலுவலகம் கேட்டது அவளுடைய கம்பெனியைத்தான். வேலையை ஆரம்பித்த அன்றைக்கே அவள் சமையலறைக்கு வந்து, கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள் அக்கா என்று கேட்டாள். பெரியவள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, படித்தால் புரியும் என்றாள். படித்தால் புரியாது என்பது அவளுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

கெட்ட நேரம், சின்னவள் படித்தாள். புரிந்தும் தொலைத்தது.

செயலி வந்தது. போனில் ஊர் வரைபடம் விரியும். உங்கள் மனைமேல் விரலை வைத்தால் போதும், வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொல்லிவிடும்: 'இங்கே தையல் கடை வைக்கலாம். மரம் அறுக்கிற பட்டறை வைக்க முடியாது, சத்தம் அதிகம்.' சந்தேகம் இருந்தால் எழுதிக் கேட்கலாம், பேர்கூடச் சொல்ல வேண்டாம். மாமியாருக்குப் போனில் மணி பார்க்கத் தெரியாது. அவளே அதை எடுத்துக்கொண்டு தெரு முழுக்கப் போய், ஒவ்வொரு வீட்டு மேலும் கட்டைவிரலை வைத்துக் காட்டி, 'எங்க சின்னவ செஞ்சது' என்று சொல்லிவிட்டு வந்தாள். இதே சங்கதியைப் பெரியவள் எத்தனை வருஷமாகத் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், எந்த மாமியார் எந்தத் தெருவில் சொன்னாள்? அடிவயிற்றில் பற்றிக்கொண்டது. பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் அவளே தேடவில்லை.

மேசை இழுப்பறையில் ஒரு பழைய போன் கிடந்தது. அதில் செயலியை இறக்கிக்கொண்டாள். மத்தியான இடைவேளையில் எல்லாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது இவள் போனைத் திறந்தாள். அதன் மூஞ்சியில் கரியைப் பூசுவது என்று முடிவு கட்டி, கைக்குக் கிடைத்த முதல் கேள்வியைத் தட்டினாள்: 'மாடிப்படி வீட்டுக்கு வெளியே இருக்கிறது. படிக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி. தொட்டி பக்கத்து வீட்டுச் சுவரைத் தொடுகிறது. அது கட்டடமா, காலி இடமா?'

செயலி கொஞ்சம் யோசித்துவிட்டு, 'இதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது. தெரிந்துகொண்டு சொல்கிறேன்' என்றது.

அன்றைக்கு அவள் சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டியது. அந்தச் சந்தோஷத்தில் கேள்விக்குக் கீழே இன்னொரு வரியும் தட்டிவிட்டாள்: 'உன்னைச் செஞ்சவளுக்கு அளவா உப்புப் போடக்கூடத் தெரியாது.'

மறுநாள் போய்ப் பார்த்தால் பதில் வந்து உட்கார்ந்திருந்தது, அதுவும் சரியான பதில். பெரியவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூலை மனைக்கு இரண்டு பக்கமும் தெரு, எது முன்பக்கம் என்று கேட்டாள். தெரியாது என்றது, மறுநாள் தெரிந்துகொண்டது. மொட்டைமாடியில் தகரம் போட்டால் அது இன்னொரு மாடிக் கணக்கா? நாய்க்கு முடி வெட்டுகிற கடை முடிதிருத்தும் நிலையமா, கால்நடைக் கொட்டகையா? கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள கோடு ஒருவனுடைய படுக்கையறை வழியாகப் போனால் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது? மூன்றாம் ஜன்னலில் பார்த்த வில்லங்கம் அத்தனையையும் ஒவ்வொன்றாக எடுத்து வீசினாள். ஒவ்வொன்றின் கீழும் அந்த உப்பு வரி. அது இல்லாவிட்டால் கேள்வி முடிந்த மாதிரியே அவளுக்குத் தோன்றவில்லை.

குழி பறிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தாள் மகராசி. நாளுக்கு நாள் செயலி தேறியது, ஜன்னலில் கூட்டம் குறைந்தது.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது சின்னவள் அந்தப் பேச்சை எடுத்தாள். செயலியில் யாரோ ஒரு ஆள் கேள்வியாய்க் கேட்டுத் துளைக்கிறாராம். பேர் இல்லை, ஊர் இல்லை. கம்பெனியில் அவருக்கு 'விடாக்கண்டன்' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். காலையில் வந்ததும் எல்லாரும் முதலில் தேடுவது விடாக்கண்டன் இன்றைக்கு என்ன கேட்டிருக்கிறார் என்பதைத்தானாம். அவர் இல்லையென்றால் செயலி பாதிக் கிணற்றோடு நின்றிருக்கும் என்றாள்.

பெரியவளின் புருஷன், சாதாரணமாகத் தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்தாதவன், நிமிர்ந்தான். அந்த மாதிரி மூளை நூற்றில் ஒருத்தனுக்குத்தான் அமையும் என்றான். ஓய்வு பெற்ற பெரிய எஞ்சினியராக இருப்பார் என்றான் தம்பி. மாமியார் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "அந்த மனுஷனுக்கு வாக்கப்பட்டவ குடுத்து வெச்சவ" என்றாள்.

திருடனுக்குத் தேள் கொட்டின கதையாக உட்கார்ந்திருந்தாள் பெரியவள். நான்தான் அது என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால், பேரை மறைத்துக்கொண்டு எதற்காகக் கேட்டாய் என்ற கேள்வி வரும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் மூளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத புருஷன் முகம் தெரியாத எவனையோ மெச்சுகிறானே என்று ஆத்திரம் வந்தது. அந்த எவனோ தானேதான் என்ற நினைப்பு வந்தும் ஆத்திரம் தணியவில்லை. கடைசியில் அவளுக்கு விடாக்கண்டன்மேலேயே பொறாமை வந்துவிட்டது. தன் நிழல் தன்னைவிட நல்ல சேலை கட்டியிருக்கிறது என்று எரிகிறவளை எந்த வைத்தியனிடம் காட்டுவது?

மாதக் கடைசியில் அலுவலக இயக்குநர் எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மூன்றாம் ஜன்னலை மூடுகிறார்கள். செயலியால் முடியாத கேள்விகளைத் தீர்த்துவைக்கத் தனி அறையில் ஒரே ஒரு ஆளைப் போடப்போகிறார்கள். அது விடாக்கண்டனாக இருந்தால் நல்லது, அவர் யாராக இருந்தாலும் வெள்ளிக்கிழமை கூட்ட அரங்குக்கு வரட்டும். வராவிட்டால் கம்பெனியே ஒரு ஆளை அனுப்பும். அப்படியானால் நான், என்று பெரியவள் கேட்டாள். அவர் கோப்பு அறை என்றார்.

கோப்பு அறை தரைக்குக் கீழே இருந்தது. அவள் போய்ப் பார்த்தாள். அலமாரிக்கு அலமாரி கட்டுக் கட்டாகக் காகிதம், ஒரு குழல்விளக்கு, ஒரு நாற்காலி. ஜன்னலம்மாவுக்கு ஜன்னல் இல்லாத அறை. அங்கே யார் வந்து வணக்கம் வைப்பார்கள்? மேலே வரும்போதே போய்ச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துவிட்டாள். உப்பு வரிதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. ஆனால் சின்னவள் இத்தனை தடவை விடாக்கண்டனைப் பற்றிப் பேசியும் அந்த வரியை ஒரு தடவைகூட எடுக்கவில்லை. கேள்வியை வைத்துக்கொண்டு மிச்சத்தை மிஷினே தள்ளிவிட்டிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அரங்கில் ஒன்றுக்கு மூன்று விடாக்கண்டன்கள் இருந்தார்கள். ஒருவர் கோட்டுப் போட்ட வெளியாள். இன்னொருவர் வரிப் பிரிவு எழுத்தர். மூலை மனை எது என்று கேட்டால் அறையின் மூலையைத்தான் காட்டுவார், அவருக்கும் தனி அறை ஆசை. மூன்றாவதாகப் பெரியவள் எழுந்து நின்றதும் பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கம்பெனிக்காக மேடையில் இருந்தவள் சின்னவள். அவள் இவளைப் பார்த்தாள், ஆச்சரியப்படவில்லை.

கேள்விகள் இதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டதால் கேள்வியைச் சொல்லி நிரூபிக்க முடியாது என்றாள் சின்னவள். ஆனால் ஒன்று இருக்கிறது. விடாக்கண்டன் ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதுவார். அதை வெட்டிவிட்டுத்தான் அவள் கேள்வியை மற்றவர்களுக்குக் கொடுப்பாள், கம்பெனியில்கூட யாரிடமும் சொன்னதில்லை. "அந்தக் கடைசி வரிய யார் சொல்றாங்களோ அவங்கதான்."

வெளியாள் 'நன்றி' என்றார். எழுத்தர் ரொம்ப யோசித்து, 'பதிலை எதிர்பார்க்கிறேன்' என்றார். இயக்குநர் பெரியவள் பக்கம் திரும்பினார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். வாயைத் திறக்காவிட்டால் இந்தத் தவளைக்குக் கோப்பு அறை. வெளியே போய்விடலாம் என்று ஒரு கால் நகரக்கூடச் செய்தது. ஆனால் எழுத்தர் அவளைப் பார்த்து, பாவம் இந்தம்மா என்கிற மாதிரி தலையை ஆட்டினார். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"உன்னைச் செஞ்சவளுக்கு," என்று ஆரம்பித்தாள். செருமிக்கொண்டு, சின்னவள் முகத்தை நேராகப் பார்த்தே முடித்தாள். "அளவா உப்புப் போடக்கூடத் தெரியாது."

சின்னவள் இயக்குநரிடம், "இவங்கதான் சார்" என்றாள். எப்படி இவ்வளவு நிச்சயமாக என்று அவர் கேட்டதற்கு, "எங்க அக்கா. ஒரே சமையலறை" என்றாள். அதற்கப்புறம் எழுந்த சிரிப்பு அடங்குவதற்குள் பெரியவள் நடைக்கு வந்துவிட்டாள்.

சின்னவள் பின்னாலேயே வந்தாள். எப்போதிலிருந்து தெரியும் என்று பெரியவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"மொத நாளே தெரியும். மாடிப்படி, கீழ தொட்டி, பக்கத்து வீட்டுச் சுவரு. நம்ம வீட்டயே கேட்டா எப்படிக்கா தெரியாம இருக்கும்? தெனமும் அதுல ஏறித்தான நான் மேல போறேன்."

"தெரிஞ்சும் இத்தனை பேரு முன்னால என்னச் சொல்ல வெச்ச."

"எனக்கு மட்டும் தெனமும் சொன்னீங்கல்ல, ஒரு தடவ எல்லாருக்கும் கேக்கட்டும்னுதான்." சின்னவள் கிட்டே வந்தாள். "எனக்கும் வயிறு எரிஞ்சுதுக்கா. நாங்க ஒரு ரூம் முழுக்க ஆளுங்க, நாள் பூரா ஒக்காந்தும் எங்களுக்கு வராத கேள்வி உங்களுக்குச் சாப்பாட்டு நேரத்துல வருது. நான் புத்தகத்தப் படிச்சவ. நீங்க அதுக்குள்ள குடியிருந்தவங்க. எவ்ளோ முட்டினாலும் அது எனக்கு வராது."

பெரியவளுக்கு அடிவயிற்றில் எத்தனையோ நாளாக எரிந்துகொண்டிருந்தது சட்டென்று குளிர்ந்தது. ஒருத்தி நம்மைப் பார்த்து வயிறெரிகிறாள் என்று அவள் வாயாலேயே கேட்பதற்கு ஈடாக உலகத்தில் ஒரு மருந்தும் இல்லை. அறையும் கிடைத்தது. கிழக்குப் பார்த்த அறை, பெரிய ஜன்னல்.

அந்தக் குளிர்ச்சி வீடு வரைக்கும்தான் தாங்கியது. விஷயம் அவளுக்கு முன்னாலேயே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. புருஷன் அவளை ஒரு புது ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். நூற்றில் ஒருத்தன் என்று சொன்னதை மட்டும் மறந்தும் திரும்பச் சொல்லவில்லை. மாமியார் வாசலுக்கே வந்து வரவேற்றாள்.

"எங்க சின்னவ மட்டும் இல்லேன்னா உன்ன யாரு கண்டுபிடிச்சிருப்பா?" என்றாள். "வாய்க்கு வந்தபடி எழுதினவளுக்கே வேல வாங்கிக் குடுத்திருக்கா. எவ்ளோ பெரிய மனசு."

அடிவயிற்றில் பழையபடி பற்றிக்கொண்டது. பெரியவள் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ராத்திரிச் சமையல் சின்னவளுடையது. அவள் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். இன்றைக்கு எல்லார் கண்ணும் பெரியவள் வாயில் இருந்தது. முதல் கவளத்தை எடுத்து வாயில் போட்டாள், மெதுவாக மென்றாள்.

உப்பு அளவாக இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.