மருந்தில் ஏன் கருவாட்டு வாசனை?

1

இந்தக் கதை ஒரு துண்டுப்பிரசுரத்தின் மிச்சம். பதுளையில் நெஞ்சு நோய் கிளினிக் ஒன்றுக்காக, நோயாளிகளும் வீட்டாரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்து, எளிய தமிழில் பதிலும் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருந்தார்கள். மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பக்கத்து வாங்கில் ஒரு காலை முழுவதும் உட்கார்ந்து, காதில் விழுந்தவற்றைக் குறித்துக்கொண்டேன்.

"இது ஒட்டிக்குமா?" "இழுக்கிற மருந்து பழகிட்டா அப்புறம் விட முடியாதாமே?" "பீடி, சுருட்டு தொடாத பொம்பளைக்கு எப்படி வந்துச்சு?" "ஒக்ஸிஜன் வெச்சா கடைசிக் கட்டமா?"

எல்லாம் நான் எதிர்பார்த்த கேள்விகள்.* பிறகு முதுகுக்குப் பின்னால் ஒரு பெண்குரல்: "அதெல்லாம் இருக்கட்டும், மருந்துல ஏன் கருவாட்டு வாசன வருது?"

திரும்பிப் பார்த்தேன். மூன்று பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டது யார் என்று தெரியவில்லை. துண்டுப்பிரசுரத்தில் அந்தக் கேள்விக்கு இடமும் இல்லை. ஆனால் ஒரு மருந்து தனக்கு உரியதல்லாத வாசனையோடு இருந்தால், அது எங்கோ போய் வந்திருக்கிறது என்று அர்த்தம். அது எங்கே போனது என்று கண்டுபிடிக்கவே இதை எழுதுகிறேன். இனி வரும் எல்லோரும் நான் உண்டாக்கியவர்கள்.

(* இதற்குள் பதிலை எதிர்பார்த்திருப்பீர்கள். காச நோய் ஒட்டும். இந்தக் கதையில் வரும் நோய், மூச்சுக்குழாய் ஒடுங்கும் நோய், ஒட்டாது. இழுக்கும் மருந்து அடிமையாக்காது. நிறுத்தினால் நோய்தான் திரும்பிவரும். ஒக்ஸிஜன் வைத்துக்கொண்டு பல வருடம் வாழ்கிறவர்கள் உண்டு. சுருட்டுக் கேள்விக்குப் பதில் கதைக்குள் இருக்கிறது.)

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

"பனி இறங்கிக்கொண்டிருந்த அதிகாலையில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே..." (வேண்டாம். மலையகக் கதை என்றால் பனியில்தான் தொடங்க வேண்டுமா? தவிர, இந்தக் கதையில் பனிக்கு வேறு வேலை இருக்கிறது.)

"மனித நுரையீரலில் மூச்சுக்குழாய் இரண்டாகி, நான்காகி, கிளை கிளையாகப் பிரிந்து..." (இது துண்டுப்பிரசுரம்.)

"கொய்யா மரத்தை எட்டுவதற்குள் தனலெட்சுமி இரண்டு தடவை நின்றார்."

இது இருக்கட்டும். தனலெட்சுமி ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். ஐம்பது தாண்டியவர். ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் காலையில் பெயர் கொடுத்துவிட்டு மேல் மலைக்கு ஏறும் பாதையில் முதலில் தண்ணீர்த் தாங்கி வரும், அடுத்து மதகு, அடுத்து கொய்யா மரம். சில வருடங்களுக்கு முன்பு கொய்யா மரம்வரை பேசிக்கொண்டே போவார். இப்போது தாங்கியில் ஒரு தடவை நிற்கிறார், மதகில் ஒரு தடவை. நிற்கும்போது செருப்பில் கல் மாட்டிக்கொண்டதுபோல் குனிந்து பார்க்கிறார். கூட வருகிறவர்களுக்கு அது கல் இல்லை என்று தெரியும். அவர்களும் தங்கள் செருப்பைப் பார்க்கிறார்கள்.

3

அவருடைய நெஞ்சுக்குள் நடப்பதைச் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்று உள்ளே போக முடியாததால் மூச்சு முட்டுகிறது என்று பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். இந்த நோயில் பிரச்சினை நேர்மாறானது. பதுளை பஸ் நிலையத்தில் மாலை நேர பஸ் ஒன்றை நினைத்துப் பாருங்கள். உள்ளே நெரிசல். கதவோ ஒடுங்கியது. கீழே நிற்பவர்கள் முண்டுகிறார்கள், கொண்டக்டர் கத்துகிறார். ஆனால் உள்ளே இருப்பவர்கள் இறங்காதவரை ஒருவரும் ஏற முடியாது. தனலெட்சுமியின் நுரையீரலில் பழைய காற்று இறங்க மறுக்கும் பயணிபோல உட்கார்ந்திருக்கிறது. காற்று வெளியே வரும் சிறு குழாய்கள் வீங்கி ஒடுங்கிவிட்டன. மலை ஏறும்போது உடம்பு அவசரப்படுகிறது. இன்னும் பல பேர் கதவுக்கு ஓடி வருகிறார்கள்.

குழாய்களை ஒடுக்கியது என்ன? அவர் சிறுமியாக இருந்த காலம் முதல் தினமும் ஊதிய விறகு அடுப்பு. லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறை; அதன் பின்பக்கம், சிறு யன்னல், ஈர விறகு. சுருட்டுப் பிடிக்காதவர்தான். புகை பிடித்ததெல்லாம் அடுப்பு, இழுத்ததெல்லாம் அவர்.

(கடைசி வாக்கியம் கொஞ்சம் அதிகமாக மினுங்குகிறது. இருந்தாலும் உண்மை என்பதால் விட்டுவைக்கிறேன்.)

4

அவருடைய மகள் தனுஜா பண்டாரவளையில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறாள். அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். முதல் வரைவில் அவளைக் கொஞ்சம் கல் நெஞ்சுக்காரியாக எழுதினேன்: தோட்டத்தை வெறுப்பவள், தாயின் வேலையைச் சொல்ல வெட்கப்படுபவள். கதைக்கு வசதியாக இருந்தது. ஆனால் அப்படி ஒருத்தியை என்னாலேயே நம்ப முடியவில்லை. தாய்க்கு மூச்சு முட்டும் என்று ஃபோனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிற பெண் அவள். அதனால் மாற்றி எழுதினேன்.

கிளினிக் நாளில் இருவரும் பதுளைக்கு வருகிறார்கள். பஸ்ஸில் இருவர் மடியிலும் ஒரே கேள்விதான் இருக்கிறது: இனி மலை ஏறலாமா? மகளுக்கு 'முடியாது' என்று டொக்டர் எழுதித் தர வேண்டும். தாய்க்கு அவர் எழுதக் கூடாது.

"டொக்டர் கடுதாசி குடுத்தா தோட்டத்துத் தொர லேசான வேலையாக் குடுப்பாரு, இல்லாட்டி பேர வெட்டுவாரு. ரெண்டுமே நல்லதுதானே. நீ என்கூட வந்து இரும்மா."

"வந்து?"

"வந்து இரு. சும்மா."

"சும்மா இருந்து நான் என்ன செய்ய? மலையில பேச ஆளு இருக்குடி. ஒன் ரூம்புல டீவிதான் பேசும். அதுவும் நான் கேட்டா பதில் சொல்லாது."

"மூச்சே விட முடியல, பேச்சக் கேளு."

"மூச்சு இருக்கிற வரைக்கும்தானே பேசலாம்" என்றார் தனலெட்சுமி. சொல்லிவிட்டு இருமினார். தனுஜா யன்னல் கண்ணாடியை ஏற்றினாள்.

5

டொக்டர் ஆரூரன் யாழ்ப்பாணத்துக்காரர். அவசரப்படாதவர். கேஸ் தாளைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தடவினார். மருந்து சரியானது, அளவு சரியானது, ஆனால் மாதாமாதம் மூச்சு மோசமாகிக்கொண்டே போகிறது.

"அம்மா, மருந்தை எனக்கு ஒருக்கா இழுத்துக் காட்டுங்கோ."

அது வாயால் விழுங்கும் மருந்தல்ல. கேப்ஸியூலுக்குள் தூள் இருக்கும். சிறிய பிளாஸ்டிக் கருவியில் அதைச் செருகித் திருகினால் இரண்டாகப் பிரிந்து தூள் கொட்டும். அதை வாயில் வைத்து வேகமாக இழுக்க வேண்டும்.* கிளினிக்கில் இருந்த புதிய கேப்ஸியூல் ஒன்றை டொக்டர் கொடுத்தார். தனலெட்சுமி செருகினார், திருகினார், முதலில் மூச்சை முழுக்க வெளியே விட்டார், இழுத்தார், அடக்கினார். ஒரு பிழையும் இல்லை.

"வடிவாச் செய்யிறியள். அப்ப ஏன் உங்களுக்குச் சுகம் இல்லை?" என்று டொக்டர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கடிதம் எழுதும் தாள் மேசையில் இருந்தது. தனுஜா அதையே பார்த்தாள்.

"ஐயா, இதுல வாசன இல்லையே" என்றார் தனலெட்சுமி.

"என்ன வாசனை?"

"கருவாட்டு வாசன."

"அம்மா! மானம் போகுது."

"இருக்கிறதத்தானே சொல்றேன். வீட்டு மருந்துல வரும். தொண்டையில உமி மாதிரி குத்தும், அப்புறம் வாசன வரும். அது மருந்தோட கொணம்னு நெனச்சேன்."

டொக்டர் சிரித்துவிட்டார். பாதியில் நிறுத்தினார். "வீட்டு மருந்துப் போத்தலைக் கொண்டுவந்தனீங்களோ?"

தனலெட்சுமி பைக்குள் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தார். வெள்ளைப் போத்தல் தேநீர் நிறத்தில் இருந்தது. டொக்டர் ஒரு கேப்ஸியூலை விரல்களுக்கு நடுவே வைத்து அமுக்கினார். பொரித்த அப்பளம்போல நொறுங்கியது.

"இதை எங்க வைக்கிறனீங்கள்?"

"அடுப்புக்கு மேல. வேற எங்க வைக்கிறது?"

(* முதலில் இந்த இடத்தில் கேப்ஸியூலை அவர் விழுங்குவதாக எழுதியிருந்தேன். அப்படி விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தனலெட்சுமி அப்படிப்பட்டவர் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்பவர். அவருடைய தவறு, யாரும் சொல்லாத இடத்தில்தான் இருக்க முடியும்.)

6

டொக்டர் அறையில் அவர்களை ஒரு நிமிடம் அப்படியே நிற்க வைக்கிறேன். அந்த அடுப்பைப் பார்த்துவிட்டு வருவோம்.

மழைக் காலத்தில் மலையில் எதுவும் காய்வதில்லை. பனி கதவைத் தட்டிவிட்டு வராது. தீப்பெட்டி நமுத்துப்போகும், உப்பு நீராகும், சுவரில் பூஞ்சணம் பூக்கும். லயத்துக் காம்பராவில் ஈரம் எட்டாத இடம் ஒன்றுதான்: அடுப்புக்கு மேலே கூரைக் கம்பில் தொங்கும் கம்பித் தட்டு. நனையக் கூடாதவை எல்லாம் அங்கே ஏறும். நாளைய விறகு, தீப்பெட்டி, உப்பு, கருவாடு. போன மழைக்குத் தனலெட்சுமியின் கேப்ஸியூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. அவர் யோசித்தார். போத்தலைத் தட்டில் ஏற்றினார்.

அந்த யோசனையில் ஓட்டை எங்கே என்று நான் நெடுநேரம் தேடினேன். ஈரம் மருந்தைக் கெடுக்கும் என்பது உண்மை. தட்டு ஈரத்தை விரட்டும் என்பதும் உண்மை. ஆனால் கேப்ஸியூலின் தோலுக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். சூட்டில் அது முற்றிலும் வறண்டு, திருகும்போது பிரியாமல் சிதறுகிறது. குத்திய உமி அதுதான். சிதறிய துண்டுகள் தூளை அடைத்துக்கொள்ள, நெஞ்சுக்குப் போகவேண்டியதில் பெரும்பகுதி கருவியிலும் தொண்டையிலும் தங்கிவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. காலையில் ரொட்டி சுடும் நேரத்தில், மாலையில் சோறு பொங்கும் நேரத்தில், போத்தலை எடுக்க அவர் எரியும் அடுப்பின் மேல் எட்டி நிற்க வேண்டும். மருந்துக்கு முன்னால் தினமும் இரண்டு வேளை, மிக அருகில் நின்று, புகை.

இதை நான் கற்பனை செய்தபோது எனக்கு வந்தது வருத்தமல்ல. ஒரு பூட்டு திறப்பதைப் பார்ப்பதுபோல இருந்தது. அது எழுதுகிறவனின் வசதி. பூட்டுக்கு உள்ளே இருப்பவர் தனலெட்சுமி.

7

"அப்ப கடுதாசி?" என்று கேட்டாள் தனுஜா.

"இப்ப எழுதினால், தங்கச்சி, அது அம்மாவுக்கு இல்லை, அடுப்புக்கு எழுதின மெடிக்கல் கடிதமாகத்தான் இருக்கும். இவ்வளவு நாளும் இவ மருந்து எடுக்கவே இல்லை எண்டுதான் நான் கணக்கெடுக்க வேணும்." டொக்டர் புதிய போத்தல் ஒன்றுக்கு எழுதினார். "மூடி இறுகின டப்பாவுக்குள்ள, உடுப்புப் பெட்டியில வையுங்கோ. சமைக்கிற அறைக்குள்ள கொண்டுபோகவே வேண்டாம். விறகு காய்ஞ்சதா இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும். அடுத்த கிளினிக்கில பாத்துட்டு முடிவெடுப்பம்."

"சுகமாயிடுமா, ஐயா?"

எல்லோரும் கேட்கும் கேள்வி. டொக்டர் பொய் சொல்லவில்லை. "பழுதான குழாய் பழையபடி வராது, அம்மா. வீக்கம் குறையும். எவ்வளவு எண்டு இப்ப எனக்குத் தெரியாது."

வெளியே வந்ததும் தாயும் மகளும் பேரம் பேசினார்கள்.

"அடுத்த கிளினிக்குக்கு மொத நாளு நான் தோட்டத்துக்கு வருவேன். நீ கொய்யா மரம் வரைக்கும் நிக்காம ஏறிக் காட்டு. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"நின்னுட்டா?"

"சாமானக் கட்டு."

"செருப்புல கல்லு மாட்டுனா?"

"வெறுங்கால்ல ஏறு."

(இதை டொக்டர் கேட்டிருந்தால் ஏசியிருப்பார். மூச்சு முட்டினால் நிற்க வேண்டும். அதில் வெற்றி தோல்வி கிடையாது. கதைகளுக்குத்தான் பந்தயம் தேவைப்படுகிறது. பாத்திரங்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. நல்லவேளையாக, வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த தாதி ஒருவர் தனலெட்சுமிக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தார்: உதட்டைக் குவித்து, சூடான தேநீரை ஊதுவதுபோல மெதுவாக மூச்சை விடுவது. ஒடுங்கிய குழாய்கள் பலமாக ஊதினால் ஈரக் காகிதம்போல் ஒட்டிக்கொள்ளும். உதடு கொஞ்சம் தடுத்தால் உள்ளே அழுத்தம் நின்று அவற்றைத் திறந்து வைக்கும். பயணிகள் தள்ளுமுள்ளு இல்லாமல் இறங்குவார்கள்.)

8

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் தனலெட்சுமி நிற்காமல் கொய்யா மரத்தை எட்டுகிறார், காய் ஒன்றைப் பறித்து மகளை நோக்கி எறிகிறார். கிளினிக்குக்கு இது பிடிக்கும். மருந்தை ஒழுங்காக வைத்தால் மலையே ஏறலாம் என்று யாராவது நம்பிவிடுவார்கள் என்ற பயத்தில் நீக்கினேன்.

இரண்டாவதில் மதகில் நின்றுவிடுகிறார். பண்டாரவளை அறையில் டீவி பேசுகிறது. இதைப் படிப்பவர் மருந்தால் பயனில்லை என்று போத்தலை மறுபடி தட்டில் ஏற்றிவிடலாம்.

மூன்றாவதில் அவர் மதகில் நிற்கிறார், கீழே நிற்கும் தனுஜா அந்த நேரம் பார்த்து ஃபோனில் எதையோ தேடுகிறாள். நிமிரும்போது தாய் மறுபடி நடக்கிறார். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனால்தான் சந்தேகப்பட்டேன். மகள் காணாததுபோல் இருந்தால் கதை முடியும், தாயின் நெஞ்சு அப்படியேதான் இருக்கும்.

ஆகவே காலையை மட்டும் தருகிறேன். பெரட்டு கலைந்துவிட்டது. தனுஜா கீழே நிற்கிறாள். ஃபோன் கைப்பையில், கண் பாதையில். தனலெட்சுமி வெறுங்காலோடு, கூடையை முதுகில் போட்டு, அவசரமில்லாமல் ஏறுகிறார். தாங்கியில் நிற்கவில்லை. கூட வந்த பெண் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. பேச்சைச் சேமிக்கிறார், அவருக்கு அது பெரிய செலவு. மதகில் கால் வைத்தார். தாண்டினார். இனிச் செங்குத்து. கொய்யா மரம் தெரிகிறது.

உதட்டைக் குவிக்கிறார்.

நீங்களும் குவித்துக்கொள்ளுங்கள். தேநீரை ஊதுவதுபோல மெதுவாக, கடைசிவரை, உள்ளே ஒன்றும் மிஞ்சாதபடி விடுங்கள். விட்டு முடித்தீர்களா? உங்களுக்கு அடுத்த மூச்சு தானாக வந்திருக்கும்.

அவர் இன்னும் விட்டு முடிக்கவில்லை.