நர்சரிக்குச் சொந்தக்காரர்

2025 நவம்பர் 12, புதன்

நேற்றைய பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. தலைவரையும் பிரதேச சபை அலுவலகத்துக்குக் கூட்டிப் போகலாம் என்று இருளாயி அக்கா சொன்னதாக எழுதியிருக்கிறேன். சொன்னது நான். அக்கா "சரி" என்று மட்டும்தான் சொன்னார். எழுதும்போது எப்படி மாறியது என்று தெரியவில்லை. பிழையை அழிக்கக்கூடாது, கீழே திருத்தி எழுத வேண்டும் என்பார் மாலை வகுப்பில் கணக்குச் சொல்லித்தரும் ஜுமானா மிஸ். அதனால் இங்கே திருத்துகிறேன்.

தலைவரைக் கூட்டிப் போவது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் யோசித்துச் செய்கிற காரியம் அல்ல. அடையாள அட்டைக்குப் போனாலும், பொலிசுக்குப் போனாலும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனாலும் அழகமுத்து தலைவர் முன்னால் நடப்பார். நாங்கள் பின்னால் போவோம். அவர் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். சிங்களம் நன்றாகப் பேசுவார். இருளாயி அக்காவும் நன்றாகப் பேசுவார், ஆனால் தலைவர் நிற்கும் இடத்தில் பேசமாட்டார். நானும்தான்.

இன்றைய காரியம் இது. மழைக்குச் சரியும் மண்மேடுகளில் நடுவதற்கு வெட்டிவேர்க் கன்றுகள் வேண்டும் என்று சபை விலைமனு கேட்டிருந்தது. பெண்கள் நடத்தும் சிறு தொழில்களுக்கு முன்னுரிமை என்று அறிவித்தலில் இருந்தது. நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவில் அக்கா கன்று வளர்க்கிறார். பைக்கு மண் நிரப்ப நான்கு பெண்கள் உதவுகிறார்கள். விண்ணப்பப் பத்திரங்களை நான் எழுதிக் கொடுத்தேன். போன மாதம் அக்கா தோட்டத்துச் செக்ரோலிலிருந்து, அதாவது தொழிலாளர் பதிவேட்டிலிருந்து, தன் பெயரை வெட்டச் சொல்லிவிட்டார். கொழுந்தும் பறித்துக் கன்றுகளையும் பார்க்க முடியவில்லை. சபைக்குக் கன்று கொடுக்கும் இந்தக் கொந்தராத்து கிடைக்காவிட்டால் மறுபடி ஆபீசுக்குப் போய், பெயரைப் போடச் சொல்லிக் கேட்டு நிற்க வேண்டும். போடுவார்களா என்று யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

உறைகளைப் பிரிக்கும்போது விண்ணப்பித்தவர்கள் முன்னால் இருக்க வேண்டுமாம். வந்தது இரண்டு விண்ணப்பம்தான். ஒன்று எங்களுடையது. மற்றது நிவித்திகல டவுனில் விதை, உரம் விற்கும் ஹபீலா தாத்தாவுடையது. முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். இரண்டு விலைக்கும் அதிக வித்தியாசமில்லை.

மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த சபை அதிகாரி மேடம் எங்கள் விண்ணப்பத்தைக் கையில் எடுத்து, "கவுத அயித்திகாரயா?" என்று சிங்களத்தில் கேட்டார். சொந்தக்காரர் யார் என்று கேட்கிறார். தலைவர் எழுந்து நின்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. "இந்தப் பொம்பளைங்க எங்க தோட்டத்து ஆளுங்க, நோனா. பொறுப்பு என்னுது. எத்தனை கன்னு கேட்டாலும் நான் குடுக்க வைக்கிறேன்" என்றார். சிங்களத்தில் அது இன்னும் கம்பீரமாக இருந்தது. தோட்டத்தில் இதைவிட நல்ல பேச்சு கிடையாது. மேடம் அக்காவைப் பார்த்தார். அக்கா தலைவரைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நிலம் யாருடையது?" என்று கேட்டார் மேடம்.

"தோட்டத்து நிலம். நான்தான் பெரிய துரைகிட்ட பேசி வாங்கிக் குடுத்தேன்."

"கன்றுகளை யார் பார்க்கிறார்கள்?"

"எல்லாம் நம்ம மேற்பார்வைதான்."

மேடம் எதையோ எழுதிக்கொண்டார். கோபமாகத் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்தது ஹபீலா தாத்தா. தனியாகத்தான் வந்திருந்தார். ஆனால் கன்றை எப்படிப் பிரித்து நடுவீர்கள் என்று மேடம் கேட்டதும் போனை எடுத்துக் கணவர் கபூர் நானாவுக்கு அடித்தார். போனை வைத்துவிட்டுப் பேசும்படி மேடம் சொன்னார். தாத்தா கொஞ்சமும் கலங்கவில்லை. "எனக்கு நடத் தெரியாது. கொடகவெலயில வாங்கி இங்க குடுப்பேன். கடை என்ட பேர்ல, முதல் என்ட நகையில" என்றார்.

நாளைக்குச் சொல்லி அனுப்புகிறோம் என்று மேடம் எங்களை அனுப்பிவிட்டார்.

வெளிப்படியில் ஹபீலா தாத்தா எங்களோடு நின்றார்.

"ஏன் தங்கச்சி, கன்னு வெச்சது நீங்கதானே? வாய வீட்டுல வெச்சிட்டா வந்தீங்க?"

"தலைவர் பேசும்போது நாங்க எப்படிங்க குறுக்க பேசுறது" என்றார் அக்கா.

"அவர் பேசுறத பாத்தா எனக்கே அவர்ட நர்சரி எண்டுதான் நெனப்பு வந்திச்சு."

தலைவர் வெற்றிலைக் கடைப் பக்கமிருந்து வந்தார். "எல்லாம் சரி. பயப்படாதீங்க. நோனா அப்படியே அசந்துபோச்சு" என்றார். அக்கா, "ரொம்ப நன்றிங்க தலைவரே" என்றார். நானும் சொன்னேன்.

இதில் யார் செய்தது பிழை? அலுவலகத்தின் பார்வையில், தலைவர் பேசியதால் அது தலைவருடைய நர்சரி. எங்கள் பார்வையில், தலைவர் பேசினால்தான் அது ஒழுங்கான காரியம். நடத் தெரியாதவர் 'என்னுடையது' என்கிறார். நட்டவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு முறை எழுதிப் பார்த்தேன், குழப்பம் குறையவில்லை.

2025 நவம்பர் 13, வியாழன்

காலையில் அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. நாளை மேடம் இரண்டு இடங்களையும் நேரில் பார்க்க வருகிறாராம். முதலில் எங்களுடையது. சொந்தக்காரருடன் மட்டும் பேச வேண்டுமாம். அந்த 'மட்டும்' என்ற சொல்லைப் பேசியவர் இரண்டு தடவை சொன்னார்.

நான் அக்காவிடம் சொல்லப் போவதற்குள் செய்தி தலைவருக்குப் போய்விட்டது. போனை எடுத்துப் பேசும்போது நான் ஸ்டோர் வாசலில் நின்றிருந்தேன், பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். மத்தியானம் நர்சரிக்குப் போனால், தலைவர் கோயிலிலிருந்து நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருக்கிறார்.

"நோனாவுக்கு இது. எனக்கு இது. கணக்கப்பிள்ளைக்கு ஒன்னு. இருளாயி, நீ பிளேன்டி ஊத்திக் குடு. சீனி தனியா வையி."

"அவங்க பேசணும்னு கேட்டது அக்காகூடங்க" என்றேன்.

"பேசட்டுமே. நான் ஆரம்பிச்சு வச்சிட்டு ஓரமா உக்காந்துக்கிறேன்."

அவருடைய 'ஓரமாக' எப்படிப்பட்டது என்று நேற்றுப் பார்த்தோம். ஆனால் எப்படிச் சொல்வது? இந்தச் சரிவை நர்சரிக்குக் கேட்க அவர் தோட்ட மானேஜரான பெரிய துரையின் பங்களாவுக்கு மூன்று தடவை நடந்தார். எங்களிடம் ஒரு பாக்குக்கூட வாங்கவில்லை. வராதீர்கள் என்றால் அவமானப்படுவார். கோபித்துக்கொண்டு துரையிடம் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் நிலம் போய்விடும். வந்தால் கொந்தராத்து போய்விடும். இரண்டையும் தாளின் இரண்டு பக்கத்தில் எழுதினேன். எந்தப் பக்கம் கனம் என்று தெரியவில்லை.

அதனால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். மேடம் கேட்கக்கூடிய கேள்விகளையும் அவற்றுக்கான சிங்களப் பதில்களையும் தமிழ் எழுத்தில் அழகாக எழுதி, அக்காவிடம் கொண்டுபோனேன். அக்கா காய்ந்த இலைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கினார், மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார்.

"இதெல்லாம் நான் சொல்லணுமா?"

"ஆமாக்கா. மனப்பாடம் பண்ணிக்கிட்டா போதும். நான் பக்கத்துல நிப்பேன். மறந்தா எடுத்துக் குடுக்கிறேன்."

"தலைவரு ஓரமா உக்காந்துக்கிறேங்கிறாரு. நீ பக்கத்துல நிக்கிறேங்கிற." அக்கா சிரித்தார். "அப்ப நான் எங்க நிக்கிறது புள்ள?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. நான் வேறு, தலைவர் வேறு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒருவேளை வேறுதானோ? இப்போதும் சரியாகத் தெரியவில்லை.

"அந்த அம்மா கேக்கும்போது நீங்க ஏங்க்கா சும்மா இருந்தீங்க?" என்று கேட்டேன்.

அக்கா கத்தரியைக் கீழே வைத்தார். "சொந்தக்காரின்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. நிலம் தோட்டத்துது. மண்ணு அள்ளுனது நாலு பொம்பளைங்க. எழுத்து உன்னுது. நான்தான்னு எந்திரிச்சு நின்னா சிரிப்பாங்களோன்னு."

"நேத்து யாரும் சிரிக்கலையே."

"நேத்து நான் நிக்கலையே."

பிறகு அக்கா சரிவின் ஓரத்தைக் காட்டினார். போன மழையில் தண்ணீர் தேங்கி ஒரு பாத்தி முழுவதும் அழுகிப்போயிருந்தது. "இது செத்தப்ப தலைவர்கிட்ட யாரும் போய்க் கேக்கலை. உன்கிட்டயும் கேக்கலை. மண்ணு அள்ளுன இந்திராணிகூட, ஏன்டி தண்ணி ஓடக் காண் வெட்டாம விட்டேன்னு என்னைத்தான் ஏசுனா. நான் பேசாம வாங்கிக்கிட்டேன். ஏச்சு வாங்கக் கூச்சமா இல்ல. சொந்தக்காரின்னு சொல்லத்தான் கூச்சமா இருக்கு. பாரேன் கூத்த."

இதை மேடத்திடம் சொல்லலாமா, அழுகிய பாத்தியை மறைக்க வேண்டாமா என்று கேட்டேன். கேட்டால் காட்டுவேன் என்றார். ஹபீலா தாத்தா அப்படியொன்றைக் காட்டத் தேவையே இல்லை, அவர் நல்ல கன்றாகப் பார்த்து வாங்குவார். அப்படியானால் காட்டுவது நமக்கு நல்லதா கெட்டதா? என்னால் சொல்ல முடியவில்லை. அவரும் பெண்தான், அவருடையதும் சிறு கடைதான், அவரும் இங்கே சிறுபான்மைதான். அவருக்குக் கிடைத்தால் அது அநியாயம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அக்காவுக்குச் செக்ரோலில் பெயர் இல்லை.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"தலைவர்கிட்ட நானே சொல்றேன்."

"என்னன்னு சொல்வீங்க?"

"நீங்க வாங்கிக் குடுத்த எடத்துல நான் நின்னு பேசுறதப் பாக்க உங்களுக்குப் பெருமையா இருக்கும், ஆனா நாளைக்கு வேணாம், நீங்க இருந்தா எனக்கு வாயே வராதுன்னு சொல்வேன். அது நெசம்தானே."

"கோபிச்சுக்கிட்டா?"

"கோபிச்சுக்கிட்டா கோபிச்சுக்கட்டும். ரெண்டு நாளு கழிச்சு பிளேன்டி குடிக்க வருவாரு." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "வராமலும் போயிடலாம்."

தாளை நான்காக மடித்து என்னிடமே தந்தார். "நீயும் நாளைக்கு இங்க நிக்காத, புள்ள. உன் மொகத்தப் பாத்தா நீ எழுதுனதத் தேடிக்கிட்டு நிப்பேன்."

எனக்கு வருத்தமாக இருந்தது. சரி என்றேன். அக்கா செய்யப்போவது சரியா என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் வேலை தெரிகிறது.

நாளை: விடிந்ததும் பைகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அழுகிய பாத்தியைத் தொடாமல் விட வேண்டும். காலைப் பெரட்டில் எல்லோருக்கும் வேலை பிரித்து முடிந்ததும் அக்கா தலைவரைப் பார்க்கப் போவார். அதற்குள் நான் நாற்காலிகளைத் திரும்பக் கோயிலில் வைக்க வேண்டும், ஒன்றை மட்டும் மேடத்துக்கு விட வேண்டும். மேடத்தின் வாகனம் வருமுன் டவுன் பஸ்ஸில் ஏறிவிட வேண்டும்.