ஒரு மண்வெட்டி அகலம்

அக்கா டேப்பின் ஒரு முனையை வீட்டுச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையோடு நான் பள்ளத்தின் விளிம்புக்குப் போனேன். எட்டு மீட்டர் இருபது. பத்துக்குக் கீழே போனால் வீட்டைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய சர்வேயர் நான்தான்.

"எவ்வளவுடா?"

"எட்டுக்கா."

"போன வருஷம் பதினாலு. விடு, தலைக்கு மேல போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன."

இந்த வண்டல் மண்ணை நம்பக் கூடாது. காய்ந்தால் கல், நனைந்தால் மாவு. ஆறு ஆழத்தில் ஓடுகிறது. மேட்டிலிருந்து வடியும் மழைத்தண்ணீர் கரை விளிம்பில் குதித்து அடியைக் குடையும். அடி போனதும் மேல்மண் பொத்தென்று விழும். அப்படி விழுந்து விழுந்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்தைத் தேடிப் பள்ளம் பின்னோக்கி ஏறிவரும். இதைப் பதினைந்து வருடமாக ஊர் ஊராகப் போய் வாய் கிழியச் சொல்கிறேன்.

வேலையில் சேருவதற்கு முந்தின வருடம், வாசலில் தண்ணீர் தேங்குகிறது என்று அக்கா வீட்டுக்காரர் புலம்பினார். "ஆத்துப் பக்கம் வாய்க்கால் வெட்டி விடுங்க மாமா, ஒரு மண்வெட்டி அகலம் போதும்" என்றேன், பெரிய மேதாவி மாதிரி. கூட நின்று வெட்டியும் கொடுத்தேன். இப்போது அதற்குள் லாரி திரும்பலாம். போன மழையில் மாமா விளிம்பில் மணல்மூட்டை அடுக்கப் போனார். மண்ணோடு சேர்ந்து அவரும் போய்விட்டார். அன்றைக்கு மரத்துப்போன மனசுக்கு இன்னும் உணர்வு திரும்பவில்லை.

படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். வீட்டுக்காரர் வெட்டிய வாய்க்கால் என்று எழுதினால் மாற்று இடம் கிடைக்காது. 'மழை' என்று எழுதினேன். அக்காவுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். என் தலை தப்பியதும் உண்மைதான்.

"காரணம் என்ன போட்ட?" சுவரோரம் நின்றபடியே கேட்டாள்.

"மழைன்னு."

"அதையே போடு. உன் மாமாவும் கடைசி வரைக்கும் அதைத்தான் சொன்னாரு. வாய்க்கால்னு தப்பித்தவறி வாயைத் திறந்துடாத, தம்பி தாங்க மாட்டான்னு எங்கிட்ட சொல்லுவாரு."

நான் தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து எப்போதும்போல நேராக விழுந்தது. அதுதான் அசிங்கமாக இருந்தது.

"இன்னும் பிடிச்சிட்டு நிக்கணுமாடா?" என்றாள் அக்கா.

"விட்டுடுக்கா" என்றேன்.