சிலுவை மிதியாத வயல்

மழை கேட்டுச் சிலுவை எடுத்து வயல்களைச் சுற்றிவரும் வழக்கம் அந்த ஊரில் நின்று பதினெட்டு வருஷமாகியிருந்தது. தென்காசிக்கும் இலஞ்சிக்கும் நடுவே நாற்பது வீட்டு வேதக்காரர்கள், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் என்று நினைவு. அதற்கு முந்திய இரண்டு வருஷமும் குற்றாலத்தில் அருவி பேருக்குத்தான் விழுந்தது. கால்வாய்க்குள் ஆடுகள் படுத்துக் கிடந்தன.

மாதம் ஒருமுறை வில்வண்டியில் வந்து பூசை வைக்கும் பிரெஞ்சுக்காரச் சாமியார், "மன்றாட்டுச் சுற்றை மறுபடி எடுங்கள். வழி யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். சாமியார் இல்லாத நாளில் ஜெபம் நடத்தும் உபதேசியார் ராயப்பனை எல்லோரும் பார்த்தார்கள். முன்னாளில் சிலுவை பிடித்து நடந்தவர் அவருடைய அய்யாதான். எந்த வரப்பில் ஏறி எந்த மடையில் முழங்கால் போடுவது என்பதெல்லாம் ராயப்பனுக்கு அத்துப்படி. வழி தெரிந்த இன்னொருவனும் கூட்டத்தில் இருந்தான், தம்பி சந்தியாகு. அவனை யாரும் கேட்கவில்லை. ராயப்பனும் சொல்லவில்லை.

அண்ணன் தம்பிக்குப் பேச்சு நின்று இரண்டு வருஷம். அண்ணனின் முறைத் தண்ணீரைத் தம்பி விடியுமுன் தன் பக்கம் திருப்பிவிட்டான். அண்ணனின் நாற்று கருகியது. விஷயம் அவ்வளவுதான். மன்னிப்பைப் பற்றிக் கோயிலில் மணிக்கணக்காகப் பேசுகிற மனுஷன், வீட்டுக்கு வந்தால் அந்த மடையைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

சேசுநாதர் பரலோகம் ஏறின ஆரோகணத் திருநாளுக்கு முந்திய மூன்று நாளும் சுற்று. வயல்காரன் விதைநெல்லை நார்ப்பெட்டியில் வைத்துக்கொண்டு தன் வரப்பில் நிற்க வேண்டும். சிலுவை வயலுக்குள் இறங்கும். உபதேசியார் அந்தக் குடும்பத்தின் பேர் சொல்லி மன்றாடி, சாமியார் மந்திரித்துக் கொடுத்த தீர்த்தத்தை விதையில் தெளிப்பார். அதற்குப் பிறகுதான் விதைப்பு. சுற்று நின்றிருந்த வருஷங்களில் எப்படியோ விதைத்தார்கள். சுற்று நடக்கிற வருஷத்தில் சிலுவை மிதியாத வயலில் விதை போடுவது கேள்விப்படாத காரியம்.

மூன்றாம் நாள் காலை சந்தியாகு வேட்டியை வெளுத்துக் கட்டி, பெட்டியோடு நின்றான். சிலுவை இறங்க வசதியாக அவன் பெண்டாட்டி மிக்கேலம்மாள் வரப்பைச் செதுக்கி வைத்திருந்தாள். ராயப்பன் பார்த்தார். பிரார்த்தனையில் ஒரு சொல்லும் விடாமல் பாடிக்கொண்டே சிலுவையோடு கிழக்கு வரப்பில் திரும்பிவிட்டார். சிலுவை போகிற வழியில்தான் கூட்டம் போகும். ஐம்பது பேரும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பாடியபடி அவர் பின்னால் திரும்பினார்கள்.

வீட்டில் மனைவி சூசையம்மாள் பிடித்துக்கொண்டாள். "என்ன நீங்க, சந்தியாகு வயலுக்குள்ள எறங்கலியே?"

"வரப்பெல்லாம் புதர் மண்டிக் கெடக்கு."

"அவ செதுக்கி வச்சிருந்தாளே!"

"வந்து ஒரு வார்த்தை கேக்கட்டுமே. நான் மாட்டேன்னா சொல்லுதேன்? தீர்த்தம் மிச்சம் இருக்கு."

உண்மையிலேயே அரைப் பாட்டில் மிச்சம் வைத்திருந்தார். தம்பி வாசலில் வந்து நிற்பான், கொஞ்சம் முறுக்கிக்கொண்டு பிறகு போகலாம் என்பது அவர் எண்ணம். தம்பி வரவில்லை.

மழை வந்தது. ஜூன் பிறந்ததும் சாரல் பிடித்துக்கொண்டது. ஐந்தருவியில் தலை காட்ட முடியாத வெள்ளம் என்றார்கள். "நம்ம உபதேசியார் கேட்டா சர்வேசுரன் குடுக்காரு" என்று ஊரே கொண்டாடியது. சுற்றிலும் பச்சை பிடித்த வயல்களுக்கு நடுவே சந்தியாகுவின் வயல் மட்டும் கோரை முளைத்துக் கிடந்தது. ராயப்பன் அந்தப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் நடந்தார். ஒருநாள் பாட்டிலை எடுத்துக்கொண்டு தானே தம்பி வீட்டுக்குப் போனார்.

"அவரு மலைக்குப் போயாச்சு அத்தான்" என்றாள் மிக்கேலம்மாள். "ஆரியங்காவுக்கு அங்கிட்டு தேயிலைத் தோட்டத்துக்கு. பதினஞ்சு நாளாச்சு."

"மழைதான் பெய்யுதே, ஏன் வெதைக்கல?"

"சிலுவை மிதியாத வயல்ல எப்பிடி வெதைக்கன்னாரு. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

"சரி, வெதைய எடுத்துட்டு வா. நானே தெளிச்சு, நானே வெதைக்கேன்."

"அத அவிச்சுத் தின்னாச்சு அத்தான்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் ராயப்பனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றைக்கே தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகும் கங்காணி வேல்சாமியைத் தேடிப் பிடித்தார். "அண்ணன் கூப்பிடுதான்னு சொல்லு. தப்பு என் பேர்லதான்னு சொல்லு. கையோட கூட்டிட்டு வந்துரு" என்றார்.

எட்டாம் நாள் வேல்சாமி தனியாக வந்தான். முற்றத்திலேயே நின்றான்.

"காய்ச்சல்ல போயிட்டான் அண்ணாச்சி. நான் போய்ச் சேந்ததுக்கு மொத நாளே பொதைச்சிட்டாங்க."

ராயப்பன் முற்றத்தில் இறங்கினார். "ஜெபம் யாரு சொன்னா?" என்று கேட்டார்.

"அங்கன வேதக்காரங்க யாரு இருக்கா? ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல. சும்மாவே மண்ணைத் தள்ளிட்டாங்க."

ஜெபமில்லாமல் ஒரு பிணத்தையும் மண்ணுக்குள் விட்டவரில்லை ராயப்பன். காலராவில் விழுந்த பேர் தெரியாத வழிப்போக்கனுக்குக்கூடக் குழியருகே நின்று கடைசிவரை சொன்னவர். தம்பிக்காக இப்போதாவது சொல்ல வேண்டும் என்று முழங்காலில் விழுந்தார். இருபது வருஷமாகப் புத்தகம் பாராமல் சொன்ன ஜெபத்தில் முதல் சொல்கூட வரவில்லை. "ஏலே சந்தியாகு, ஏலே" என்பது மட்டும் வந்தது.