அழைப்பில்லாத சாயங்காலம்

கூடாரத் துணியில் பனி சொட்டச் சொட்ட, அதை அப்படியே சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார் ஹார்ட்விக். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும் என்று நேற்றுவரை ஊருக்கே பாடம் எடுத்த மனிதர். ரயில்வே சிக்னல் அறையில் முப்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்து எழுந்தவருக்கு அவசரம் என்ற வார்த்தையே தெரியாது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"யோவ், மணி ஏழுகூட ஆகல," என்று போர்வைப் பைக்குள்ளிருந்து முனகினார் ஓட்மார். பக்கத்து வீட்டுக்காரர், பதினோரு வருஷ சிநேகிதம். "நீ யாருக்குய்யா பயந்து ஓடற?"

"வெயிலுக்கு முன்னாடி கிளம்பிடலாம்னு பார்த்தேன்."

"செப்டம்பர்ல என்னய்யா வெயிலு?"

ஜெர்மனியில், வேஸர் ஆற்றங்கரை சைக்கிள் பாதையில் இது மூன்றாம் நாள். முதல் இரண்டு நாளும் நிறுத்தி நிதானமாகத்தான் வந்தார்கள். நினைத்த இடத்தில் நின்றார்கள், ஆப்பிள் பொறுக்கினார்கள், கொக்கு பார்த்தார்கள். இன்றைக்கு மட்டும் ஹார்ட்விக்கின் காலில் யாரோ நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. ரொட்டிக்கடையில் ஓட்மார், பச்சைப் பன்றிக்கறிக் கொத்தும் வெங்காயமும் வைத்த ரொட்டியை ரசித்துத் தின்றுவிட்டு இரண்டாவது காப்பி சொல்லப் போனார். இவர் அதற்குள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நடுநடுவே கை தானாகச் சட்டைப் பாக்கெட்டுக்குப் போய் வந்தது.

ஓட்மாருடையது பேட்டரி சைக்கிள். ஹார்ட்விக்குடையது காலால் மிதிக்கிற சாதாரண சைக்கிள். ஆனால் காலையிலிருந்து பேட்டரிக்காரர்தான் பின்னால் இரைத்துக்கொண்டு வந்தார். மக்காச்சோளக் கொல்லைகளைத் தாண்டி, எதிர்காற்றில் தலையைக் குனிந்துகொண்டு, ஓர் ஆட்டு மந்தைக்குக்கூட நிற்காமல் முப்பது கிலோமீட்டர். கடைசியில் ஒரு பாலத்தருகே ஓட்மார் சைக்கிளைக் குறுக்கே நிறுத்திவிட்டார்.

"பேட்டரி பாதி காலி. உன்னத் துரத்தியே தீர்ந்துபோச்சு. இப்ப சொல்றியா, இல்ல நான் ரயில் ஏறிடவா? காலைலேருந்து பாக்கெட்டத் தொட்டுத் தொட்டுப் பார்க்கறியே, உள்ள என்ன, இதயத்துக்கு மெஷின் கிஷின் வச்சிருக்கியா?"

ஹார்ட்விக் பெஞ்சில் உட்கார்ந்தார். பாக்கெட்டிலிருந்து ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்து நீட்டினார். வியர்வையில் அது துணி மாதிரி ஆகியிருந்தது. ஸ்வென்யாவும் மால்ட்டேயும் சனிக்கிழமை கல்யாணம் செய்துகொள்கிறார்கள், பீங்கான் உடைப்பு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி முதல், லிண்டன்ஹாகனில் மால்ட்டே வீட்டுப் பண்ணை முற்றத்தில் என்று போட்டிருந்தது.

"ஸ்வென்யான்னா... உன் பொண்ணா?"

"ஆமா."

"இன்னிக்குத்தானே வெள்ளிக்கிழமை?"

"ஆமா."

"அடப்பாவி," என்றார் ஓட்மார். "கொக்கு பார்க்கலாம்னுதானேய்யா என்னக் கூட்டிட்டு வந்த."

மகளுக்குப் பதினைந்து வயதாகும்போது வீட்டை விட்டுப் போனவர் ஹார்ட்விக். அதைக்கூட அவள் ஒருமாதிரி பொறுத்துக்கொண்டாள். பிறகு அவள் நர்ஸ் படிப்பு முடித்துப் பட்டயம் வாங்கும் விழாவுக்கு, வருகிறேன் என்று சொல்லியிருந்தார். மண்டப வாசல்வரை காரில் வந்து, இறங்கத் தைரியமில்லாமல் ஒரு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவள் ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அது நடந்து ஐந்து வருஷம். அதற்கப்புறம் அவர் எழுதிய ஒரு கடிதத்துக்கும் பதில் இல்லை. கல்யாணத்துக்கு அழைப்பு வரும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை, வரவும் இல்லை.

ஆனால் முந்தின சாயங்காலம் நடக்கும் உடைப்புக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. அதுதான் வழக்கம். கேள்விப்பட்டவன் எல்லாம் வரலாம். வருகிறவன் வீட்டில் கிடக்கும் பழைய பீங்கானைக் கொண்டுவந்து வாசலில் போட்டு உடைக்க வேண்டும், பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து அதைக் கூட்டி அள்ள வேண்டும். சத்தம் எவ்வளவோ அவ்வளவு நல்லது. உடைக்க வந்தவனிடம் போய்விடு என்று சொல்ல எந்த வீட்டிலும் வாய் வராது. இந்த ஒரு வழியைத்தான் ஹார்ட்விக் மூன்று வாரமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சரி, உடைக்க என்ன வச்சிருக்க?" என்றார் ஓட்மார்.

ஹார்ட்விக் திருதிருவென்று விழித்தார். மூன்று வாரம் யோசித்த மனிதருக்கு அது தோன்றவே இல்லை. இரண்டு பேரிடமும் இருந்தது எவர்சில்வர் தட்டும் பிளாஸ்டிக் குவளையும்தான். மலையிலிருந்து உருட்டினாலும் உடையாத சாமான்.

லிண்டன்ஹாகன் கூடார முகாமுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றேகால். ஒன்றிலிருந்து மூன்றுவரை மத்தியான அமைதி நேரம், தடுப்புக்கம்பு இறங்கியிருந்தது. உள்ளே புல்வெளியில் ஈ காக்கா இல்லை. அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் ஓர் அம்மாள் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஹார்ட்விக் கண்ணாடியைத் தட்டினார். அவள் நிமிராமலே சுவர்க் கடிகாரத்தைப் பேனாவால் காட்டினாள்.

"நாங்க உள்ள போய் சத்தமே போட மாட்டோம்," என்று கத்தினார் ஹார்ட்விக்.

"இப்பப் போடறீங்களே," என்றாள் அவள்.

எதிரே ஒரு வீட்டு வேலியோரம் அட்டைப்பெட்டி இருந்தது. இலவசம், எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வேண்டாத பண்டங்களை வைத்திருந்தார்கள். ஓட்மார் போய்க் கிளறினார். கைப்பிடி போன காப்பிக் கோப்பை ஒன்று, ஜாம் பாட்டில்கள், ஒயின் கிண்ணங்கள், அடியில் அகலமான வெள்ளைத் தட்டு.

"கண்ணாடிய எல்லாம் அங்கேயே வச்சுடு," என்றார் ஹார்ட்விக் பதறிப்போய். "கண்ணாடி உடைஞ்சா கல்யாணத்துக்கு ஆகாது. பீங்கான் மட்டும்."

"எனக்குத் தெரியாதாக்கும்? ரெண்டு கல்யாணம் பண்ணவன்யா நான்." ஓட்மார் தட்டை முழங்கையில் துடைத்துப் பார்த்தார். "சுத்தமான பீங்கான். எங்கம்மா வீட்டுல இதே மாதிரி பன்னெண்டு இருந்துச்சு."

கூடாரம் போட்டு முடிக்க நாலு மணி ஆயிற்று. அதற்கப்புறம் ஹார்ட்விக் படுத்திய பாடு சொல்லி மாளாது. முழங்கால் பிடித்துக்கொண்டது என்றார். மேற்கே மேகம் திரள்கிறது என்றார். குளித்தார், சவரம் செய்தார், சட்டையை மாற்றினார், பழையபடி முதல் சட்டையையே போட்டார். சங்கிலிக்கு எண்ணெய் விட்டார். பண்ணை அரைக் கிலோமீட்டர் தூரம், சைக்கிளே தேவையில்லை. ஆறரை மணிக்கு, நாளைக்கு அதிகாலையில் கிளம்பிடலாமா, தெற்கே இன்னும் நல்ல இடம் இருக்கு என்று ஆரம்பித்தார்.

"நீ போனா போ, போகாட்டி கிட," என்றார் ஓட்மார். நிஜமாகவே கோபம் வந்துவிட்டது அவருக்கு. "எனக்கு அங்க ஓசி பீர் இருக்கு. கோப்பையக் குடு, நான் போய் உடைச்சுக்கறேன். யார்ரான்னு கேட்டா உன் பேரச் சொல்லுவேன். அப்பாவுக்கு வர தைரியமில்ல, பக்கத்து வீட்டுக்காரன அனுப்பிச்சார்னு சொல்லுவேன்."

ஹார்ட்விக் தட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

முற்றத்தில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். கருங்கல் பாவிய தரையில் கிண்ணமும் ஜாடியும் ஒரு பழைய கழிப்பறைக் கோப்பையும்கூடச் சில்லுச் சில்லாகக் கிடந்தன. நடுவில் மால்ட்டே, நெட்டையாக, கையில் தள்ளுவண்டியோடு நின்றான். ஸ்வென்யா முழங்கை வரை சட்டைக் கையை மடித்துவிட்டுக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் அள்ளி நிரப்பிய வண்டியை நண்பர்கள் நாலு பேர் சிரித்துக்கொண்டே குடைசாய்த்தார்கள். அதுவும் வழக்கம்தான், இரண்டு பேரும் திரும்ப முதலிலிருந்து கூட்டினார்கள். ஸ்வென்யாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். தன் மகள் இப்படிச் சிரிப்பாள் என்பதே ஹார்ட்விக்குக்கு மறந்துபோயிருந்தது. அந்தச் சிரிப்பைக் கெடுக்க வந்திருக்கிறோமோ என்று ஓட்மாரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

ஓட்மார் கோப்பையை வீசினார். டமார். எல்லாரும் கைதட்டினார்கள், யாரோ அவர் கையில் பீரைத் திணித்தார்கள். அப்போதுதான் ஸ்வென்யா நிமிர்ந்தாள். ஓட்மாரைத் தாண்டி அவள் பார்வை போயிற்று. சிரிப்பு நின்றது.

அவள் ஏதாவது சொல்வதற்குள் உடைத்துவிட வேண்டும் என்று மட்டும்தான் ஹார்ட்விக்குக்குத் தோன்றியது. உடைத்துவிட்டால் விருந்தாளி. தட்டை இரண்டு கையாலும் தூக்கிக் கல்லில் போட்டார்.

பீங்கான் உடைகிற சத்தம் அது இல்லை. பட்டாசு மாதிரி வெடித்து, அரிசியைக் கொட்டின மாதிரி முற்றம் முழுக்கச் சிதறியது. பீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் குனிந்து ஒரு துணுக்கை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"பால் கண்ணாடி," என்றாள். "இது பீங்கான் இல்ல. கண்ணாடி."

பேச்சு அடங்கிவிட்டது. மால்ட்டேயின் அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓட்மார் பீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "நான்தாங்க... நான்தான் பீங்கான்னு சொன்னேன்," என்றார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

ஹார்ட்விக்கின் கால் வாசல் பக்கம் திரும்பிவிட்டது. ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டார்.

"இப்பவும் போகப்போறீங்களா?" என்றாள் ஸ்வென்யா.

அவர் நின்றார்.

அவள் நடந்து வந்து துடைப்பத்தை நீட்டினாள். "பீங்கான நாங்க கூட்டுவோம். கண்ணாடிய நாங்க தொட மாட்டோம். கொண்டு வந்தவங்கதான் கூட்டணும்."

அப்படி ஒரு வழக்கம் எங்கேயும் கிடையாது. அவள் அந்த நிமிஷம் உண்டாக்கினது. ஆனால் அவள் சொன்ன தோரணையில் யாரும் மறுத்துப் பேசவில்லை. ஹார்ட்விக் துடைப்பத்தை வாங்கினார். வெள்ளைத் துணுக்குகள் கல்லிடுக்கெல்லாம் புகுந்துகொண்டிருந்தன. கூட்டக் கூட்ட வந்துகொண்டே இருந்தது. முதுகு வலித்தது, நிமிரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிலும் பேச்சு ஆரம்பித்தது, அடுத்து வந்தவர் ஒரு பூச்சாடியை உடைத்தார், கைதட்டல் எழுந்தது. அவர் மண்டியிட்டுக் கூட்டிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு குப்பை முறம் வந்து தரையில் பதிந்தது. ஸ்வென்யா குத்துக்காலிட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கள நான் கூப்பிடல," என்றாள், முறத்தைப் பார்த்துக்கொண்டே.

"தெரியும்மா."

"கோபமும் போகல."

"போக வேணாம்."

அவர் தள்ளினார், அவள் வாங்கினாள். மூன்று முறம் ஆயிற்று. வெயில் சரிந்து களஞ்சியத்தின் நிழல் முற்றத்தை மூடியது, தரையில் எது கல், எது கண்ணாடி என்று தெரியவில்லை.

"இதுக்கு மேல கண்ணு தெரியாது," என்றாள் ஸ்வென்யா. "ஒரு துணுக்கு கெடந்தாக்கூட மால்ட்டே அம்மா தூங்க மாட்டாங்க. காலைல எட்டு மணிக்கு வந்து மிச்சத்தப் பொறுக்கிடுங்க."

"வரேன்."

"பதினோரு மணிக்குச் சர்ச்." அவள் அவருடைய சைக்கிள் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். "வேற சட்டை ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா. இதே மாதிரி இன்னொண்ணுதான்."

"மால்ட்டேயோடது ஒண்ணு தரேன். கை நீளமா இருக்கும், மடிச்சு விட்டுக்குங்க," என்று சொல்லிவிட்டு முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

ஹார்ட்விக் அந்தக் கல்தரையிலேயே உட்கார்ந்து, ஐம்பது பேர் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதார்.