மாகி அன்ரியின் குரல்

நான் ஒருநாளும் இவ்வளவு வடிவாய்க் கதைச்சதில்லை. சாப்பாட்டு மேசையில் நிமிர்த்தி வைத்திருந்த ரப்லெட் கணினி தன் குரலில் பேசுவதைக் கேட்டபடி மக்டலீன் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். எவ்வளவு தெளிவு, எவ்வளவு இழுவை. ஒரு சொல்லுக்கு முந்தி மூச்சைக் கொஞ்சம் பிடித்து வைக்கிறதே, அப்படி ஒரு பழக்கம் எனக்கு இருந்தது எனக்கே தெரியாது.

"வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடிப்பியளோ?" என்று ரப்லெட் மறுபடியும் கேட்டது. மகன் றொய்சன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கணவர் சூசைதாசன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். முதல் நாள் லண்டனிலிருந்து வந்திறங்கிய, மக்டலீனின் தமையன் மகள் யூஜினி மட்டும் சிரிக்காமல் மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மக்டலீனுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று போன கோடையில் தெரிந்தது. குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ரொறன்ரோவின் ரூஜ் பகுதியிலுள்ள அந்த வீட்டில் அவள் உதட்டை அசைப்பாள், மற்றவர்கள் ஊகிப்பார்கள். ஊகிக்க முடியாததை எழுதிக் காட்டுவாள். எல்லாம் அவசரத்தில் நடந்ததால், குரலைப் பதிந்து வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறந்தநாள் வீடியோக்களில் அது பாட்டுச் சத்தத்துக்கும் பிள்ளைகளின் கூச்சலுக்கும் அடியில் எங்கோ கிடந்தது.

யூஜினியிடம்தான் அது பத்திரமாக இருந்தது.

யூஜினி இங்கிலாந்தில் பேர்பெற்ற நகைச்சுவை நடிகை. பிறர் குரலில் பேசுவதுதான் அவள் பிழைப்பு. சின்ன வயதில், பூசை முடிந்து வீட்டுக்கு வந்து பாதரின் பிரசங்கத்தை அப்படியே திருப்பிச் சொல்லித் தகப்பனிடம் அடி வாங்கியவள். பள்ளிக்கூடத்தில் கதவுக்குப் பின்னால் நின்று அதிபரின் குரலில் உத்தரவு போட்டு ஒரு வகுப்பையே மைதானத்துக்கு அனுப்பியவள். பார்மசி படிக்கப் போய் அதைப் பாதியில் விட்டுவிட்டு, பப்புகளின் மேல்மாடிகளில் குடித்துக்கொண்டிருந்த பத்துப் பேருக்கு முன்னால் பேசினாள். பிறகு வானொலி கிடைத்தது. மந்திரிமார், சமையல் நிகழ்ச்சி நடத்துகிறவர்கள், ரயில் நிலைய அறிவிப்பாளர்கள் என்று எந்தக் குரலும் அவள் வாயில் வந்து இருந்துகொண்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவள் பெயரை ஒருவரும் நினைவில் வைக்கவில்லை. ஒருநாள் தொலைக்காட்சியில் எழுதிக் கொடுத்த பகிடி எடுபடாமல் போக, தவித்த வாய்க்கு வந்த ஒரு மாமியைப் பேசவிட்டாள். யாழ்ப்பாணத்து இழுவையோடு இங்கிலீஷ் கதைத்து, அரண்மனைக்குப் போன் எடுத்து வெண்டிக்காய் என்ன விலை என்று கேட்கிற மாகி அன்ரி அன்றைக்குத்தான் பிறந்தாள். அதன் பிறகு யூஜினியின் பெயரும் வீடும் விருதுகளும் எல்லாம் மாகி அன்ரி வாங்கிக் கொடுத்தவை.

அந்த அன்ரி யார் என்று மக்டலீனுக்கு முதல் நிகழ்ச்சியிலேயே விளங்கிவிட்டது. கோடை விடுமுறைக்கு ரொறன்ரோ வருகிற நாட்களில் அந்தப் பிள்ளை சோபாவுக்குப் பின்னால் படுத்துக் கிடந்து, அவள் போன் கதைப்பதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். மக்டலீன் கோபிக்கவில்லை. சொந்தக்காரருக்கெல்லாம் போன் எடுத்து, "அது நான்தான்" என்று சொல்லிச் சிரித்தாள். வெக்ஸ்போர்ட் பக்கத்துத் தமிழ்க் கடையில் காசு வாங்குகிற பெட்டை ஒருத்தி, "அன்ரி, நீங்க மாகி அன்ரி மாதிரியே கதைக்கிறியள். நல்லாத்தான் பழகியிருக்கிறியள்" என்று சொன்ன அன்றைக்கு மட்டும், வீடு வந்து சேரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை.

இப்போது யூஜினி லண்டனில் ஒலிப்பதிவுக் கூடத்தில் கிழமைக்கணக்காக இருந்து, மாமியின் குரலில் ஆயிரக்கணக்கான வசனங்கள் பேசி, அதை இந்த ரப்லெட்டுக்குள் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள். மக்டலீன் எதைத் தட்டினாலும் அது அவள் குரலில் சொல்லும். யூஜினியின் சொந்தத் தமிழ் கல்லும் முள்ளும் மிதித்துத்தான் வரும். மாமியின் குரலில் இறங்கிவிட்டால் ஒரு தடக்கலும் இராது. பிள்ளைக்குத் தமிழில் இருக்கிற குரல் இது ஒன்றுதானோ என்று மக்டலீன் நினைத்தாள்.

கனவுகளில் மக்டலீன் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தாள். பனி மூடிய ஒரு வாகனத் தரிப்பிடத்தில் அவள் நின்று யாரையோ கூப்பிடுவாள். குரல் வெண்ணிறமாய், அவசரமில்லாமல், நிற்கிற கார்களின் மேலாகப் போகும். எங்கோ ஒரு கார்க் கதவு திறக்கும். விழித்தபின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள். துளையில் மூச்சு சூடாக வந்துபோகும்.

அந்த வீட்டில் செபமாலையை எப்போதும் தொடக்குகிறவள் அவள். முதற்பாதியை அவள் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்வார்கள். ஒப்பரேஷனுக்குப் பிறகு சூசைதாசன் தொடக்குகிறார். மணி உருட்டுகையில் எண்ணிக்கை தவறி, மாதாவுக்கு இரண்டு மூன்று செபம் கூடுதலாகக் கொடுத்துவிடுவார். அன்று மாலை யூஜினி மாமிக்கு முன்னால் ரப்லெட்டை வைத்து, "இண்டைக்கு நீங்க... ஸ்ராட் பண்ணுங்கோ மாமி" என்றாள்.

மக்டலீன் முழந்தாளில் இருந்தபடி எழுத்தெழுத்தாகத் தட்டினாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு மங்கள வார்த்தைச் செபம் அவள் குரலில் அந்த அறைக்குள் எழுந்தது. மாதாவின் பெயருக்கு முந்தி அந்தப் பிடித்து வைத்த மூச்சு. பெயரில் அந்த இழுவை.

றொய்சனுக்கு மூக்கால் சிரிப்பு வந்தது. இருமி மறைக்கப் பார்த்தான். மறுபாதியைச் சொல்லத் தொடங்கிய சூசைதாசனின் குரல் சிரிப்பில் உடைந்து, தோள் குலுங்கியது. மாகி அன்ரி மாதாவிடமும் வெண்டிக்காய் விலை கேட்கப்போகிறாள் போலத்தான் இருந்தது. கடைசியில் யூஜினியும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். மக்டலீனும் சிரித்தாள். சத்தம் இல்லாததால் அவள் சிரித்து முடித்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

"ஸொறி அம்மா, சீரியஸாச் சொல்லுறன், பழகீரும்" என்றான் றொய்சன்.

பழகும்தான். ஆனால் அவள் வேறொன்றை நினைத்தாள். டொக்ரர் விஷயத்தைச் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள் ஏறி இருந்து, "பயப்பிடாதையுங்கோ, நான் இருக்கிறன்தானே" என்று சூசைதாசனிடம் அவள் சொன்னாள். அவர் ஸ்ரியரிங்கில் தலையை வைத்து அழுதார். அதே சொற்களை இந்தக் குரலில் இன்றைக்குச் சொன்னால், அவர் முதலில் சிரிப்பார். பிறகுதான் அழுவார். இனி எதைச் சொல்வதென்றாலும் அந்தச் சிரிப்பு கடந்து போகும்வரை அவள் வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். சாகும் நேரத்திலும் நிற்க வேண்டும்.

அன்றையக் கனவிலும் அவள் வாகனத் தரிப்பிடத்தில் நின்றாள். கூப்பிட்டாள். கார்கள் எல்லாவற்றுக்குள்ளும் இருந்து யாரோ கைதட்டினார்கள்.

காலையில் யூஜினி அவள் அறைக்கு வந்து கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். மத்தியானம் அவளுக்குப் பிளேன். ஜன்னலில் பனி வெளிச்சம் பால்போல் நின்றது. நேற்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். மாகி அன்ரியை விட்டுவிடப் போவதாகச் சொன்னாள். மேடையிலும் இல்லை, தொலைக்காட்சியிலும் இல்லை. சனங்கள் மறந்துவிடுவார்கள், பிறகு அது மாமியின் குரலாக மட்டும் இருக்கும். தட்டுத்தடுமாறிச் சொல்லிக்கொண்டு வந்தவளுக்குத் திடீரென்று தமிழ் தெளிந்தது.

"அது முழுக்க உங்கடை, மாமி. நான் இரவல் வாங்கினதைத் தாறன், அவ்வளவுதான். ஓம் எண்டு ஒருக்காத் தலையாட்டுங்கோ, உதை இஞ்சையே வைச்சிட்டுப் போறன்."

மக்டலீன் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வங்கியில், பள்ளிக்கூடத்தில், வாடகை வீட்டுக்காரனிடம் எத்தனையோ முறை அவள் கெஞ்சிய அதே குரல் இப்போது அவளிடமே கெஞ்சிக்கொண்டிருந்தது. தன் வாயில் யார் வந்து இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியவே இல்லை. மக்டலீன் கையை நீட்டி அந்த உதடுகளின் மேல் இரண்டு விரலை வைத்தாள். யூஜினி பேச்சை நிறுத்தினாள். முகம் சிவந்தது. பிறகு, தன் சொந்தக் குரலில், உடைந்த தமிழில், "ஏன் மாமி?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் குரல் மக்டலீனுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் அதிகம் கேட்டதில்லை.

அவள் தலையை மெதுவாக இரு பக்கமும் ஆட்டினாள். நீயே வைச்சிரு, பிள்ளை என்று உதட்டை அசைத்தாள். ரப்லெட்டின் வயரைச் சுருட்டி அதன் மேல் வைத்து, இரண்டையும் யூஜினியின் மடியில் வைத்தாள்.