மூச்சுப் பந்தி

அந்த வீட்டில் ஆண்கள் மூச்சு விட்ட பிறகுதான் பெண்கள் மூச்சு விடுவார்கள். முதலில் மாமனார், அடுத்து மகன் ரெக்சன், அப்புறம் மாமியார் திரேசம்மாள். மிச்சம் இருந்தால் மருமகள் ஜெசிந்தாவுக்கு. பெரும்பாலும் இருக்கும். ரெக்சன் கோபப்படும் நாட்களில்தான் தட்டுப்பாடு. திட்டுவதற்குக் காற்று நிறையப் பிடிக்கும். திட்டு வாங்குகிறவள் அன்றைக்குக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

குழந்தைகளுக்கு ஒரு வயது வரை விலக்கு உண்டு. ஜெசிந்தாவின் மகள் மெர்லினுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வயது.

“கேக் வெட்டினதும் பிள்ளைய உன் பின்னால நிப்பாட்டிரு,” என்றார் திரேசம்மாள். “இப்பமே பழகலன்னா, நாளைக்குப் போற வீட்டுல நம்மளத்தான் ஏசுவாவ.”

தனக்குப் பின்னால் இதுவரை ஒன்றும் மிஞ்சியதில்லை என்பது ஜெசிந்தாவுக்குத்தான் தெரியும்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸக்கா ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். “நாலு எண்ணி இழு, ஏழு எண்ணி நிறுத்து, எட்டு எண்ணி விடு. வீட்டுக்காரர் கத்தும்போது செஞ்சு பாரு தாயி.”

மாவாட்டும்போதும் துணி மடிக்கும்போதும் செய்து பழகினாள். வியாழக்கிழமை கொடியில் கிடந்த சட்டைகள் அவள் பக்கம் சாய்ந்தன. சனிக்கிழமை அலமாரிக் கதவு தானாகத் திறந்தது. மூடிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, மெழுகுவர்த்தி கொளுத்தியதும் ரெக்சன் ஆரம்பித்தான்.

“என்ன மொறைக்க? எங்கம்மா முப்பது வருசம் காத்துக் கெடக்கலியா? ஒனக்கு மட்டும்...”

தன் முறைக்குக் காத்திராமல், ஜெசிந்தா நாலு எண்ணி இழுத்தாள். திரைச்சீலைகள் விறைத்து நின்றன. மெழுகுவர்த்தி அணைந்தது. ரெக்சனின் வாய் மட்டும் அசைந்தது. வீட்டுக் காற்று முழுவதும் இப்போது அவளிடம் இருந்தது. காற்று இருக்கிறவர்தான் பரிமாற வேண்டும். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மாமனார் வழக்கம்போல முதல் ஆளாக வந்து நின்றார். ஜெசிந்தா விரலால் பின்னால் காட்டினாள். போனார். ரெக்சனும் போனான்.

கான்வென்ட்டில் ஜெபமாலை சொன்ன நிதானத்தில் ஏழு எண்ணினாள். பிறகு மெர்லினின் முகத்தில் ஊதினாள். பிள்ளை கைகொட்டிச் சிரித்தது. அடுத்து மாமியாருக்கு.

“ஏட்டி, மொத மூச்சு குளுகுளுன்னுல்லா இருக்கு!” என்றார் திரேசம்மாள், கண்ணை மூடிக்கொண்டு. “இன்னுங் கொஞ்சம் ஊது.”

கடைசியாக மாமனாருக்கும் ரெக்சனுக்கும்.

“போதுமா?”

“போதும்,” என்றான் ரெக்சன். அந்த ஒரு சொல்லுக்குத்தான் காற்று இருந்தது.

எட்டு எண்ணி முடித்தபோது, காற்று நிரம்பிய வீடு தரையை விட்டு இரண்டடி மேலே நின்றது. பக்கத்து வீட்டு சகாயமேரி ஏணி போட்டு ஏறி வந்தாள். ஜெசிந்தா கேக்கில் நாலு துண்டு கூடுதலாக வெட்டினாள், வீடு ஏற ஏற, மேலே குடியிருப்பவர்களுக்கும் கொடுக்க வேண்டுமே.